சட்டசபையில் முத்துலட்சுமி ரெட்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என்றதும் பலருக்கும் அடையாறு புற்றுநோய் மருத்துவமனைதான் நினைவுக்கு வரும். கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தவர்கள், ஆதரவற்ற பெண்களுக்கு அடைக்கலமாக அவர் தொடங்கிய ஔவை இல்லத்தைச் சொல்வார்கள். அவர் சட்டசபையில் இருந்த காலமோ டிஎன்பிஎஸ்சி கையேடுகளில் ‘முதல் பெண்’ பட்டியலில் ஒற்றை வரியோடு முடிந்துவிடுகிறது. அந்த வரிக்குப் பின்னால் இருக்கும் அரசியலைப் பற்றிப் பலரும் கேட்கும் கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

அவர் எந்த அவையில், எப்போது உறுப்பினராக இருந்தார்?

சென்னை மாகாண சட்டசபையில், 1926 இறுதித் தேர்தலுக்குப் பிறகு அமைந்த மூன்றாவது அவையில். 1927 தொடக்கத்திலிருந்து 1930இல் ராஜினாமா செய்தது வரை, ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள். ஆங்கிலத்தில் அதன் பெயர் ‘கவுன்சில்’ என்பதால், பிற்காலத்தில் எம்.ஜி.ஆர் ஆட்சியில் கலைக்கப்பட்ட மேலவையோடு இதைப் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. 1919ஆம் ஆண்டுச் சட்டப்படி நடந்த இரட்டையாட்சியில் (சில துறைகள் ஆளுநரிடம், சில துறைகள் இந்திய அமைச்சர்களிடம்) மாகாணத்துக்கு ஒரே ஒரு அவைதான். மேலவை, கீழவை என்ற பிரிவினை 1937இல்தான் வந்தது. அந்த ஒற்றை அவையில் 61 தொகுதிகளிலிருந்து 98 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். மீதிப் பேர் ஆளுநரின் நியமனத்திலும் பதவி வழியாகவும் வந்தவர்கள்.

தேர்தலில் நின்று ஜெயித்தாரா?

இல்லை. நியமன உறுப்பினர்.

சென்னை மாகாணப் பெண்களுக்கு ஓட்டுரிமை 1921இலேயே கிடைத்துவிட்டது. பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் அதை முதலில் கொடுத்தது சென்னைதான். ஆனால் சொத்தும் வரியும் இருந்தால்தான் ஓட்டு என்பதால் அந்தப் பட்டியலில் இடம் பிடித்த பெண்கள் சொற்பம். அவையில் உட்காரும் உரிமைக்கு 1926 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டுத் தேர்தலில் கமலாதேவி சட்டோபாத்யாயா மங்களூர்ப் பகுதியில் நின்று சிறு வித்தியாசத்தில் தோற்றுப்போனார். ஒரு பெண்ணாவது அவைக்குள் இருக்க வேண்டும் என்று அடையாறிலிருந்து இயங்கிய இந்திய மாதர் சங்கம் அரசை நெருக்கியது. முத்துலட்சுமியின் பெயரையும் முன்வைத்தது. அவருக்கோ தயக்கம். மருத்துவத் தொழில் பாதிக்கப்படும் என்று யோசித்த பிறகுதான் சம்மதித்தார்.

அரசியலுக்கு முன்னால் அவர் என்ன செய்துகொண்டிருந்தார்?

1886 ஜூலை 30 அன்று புதுக்கோட்டை சமஸ்தானத்தில் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர் மகாராஜா கல்லூரியின் முதல்வர். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபுக் குடும்பத்தைச் சேர்ந்தவர். பின்னால் வரும் சட்டப் போராட்டத்தைப் பேசும்போது இந்தப் பின்னணியை மறந்துவிடக் கூடாது. ஆண்கள் மட்டுமே படித்த கல்லூரியில் பெண்ணைச் சேர்க்கக் கூடாது என்று ஊரில் கிளம்பிய எதிர்ப்பை மீறி, மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இடம் கொடுத்தார். 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியோடு பதிவுத் திருமணம். 1925இல் அரசு உதவித்தொகையோடு லண்டனுக்குப் போய்ப் பெண்கள், குழந்தைகள் நோய்களில் மேற்பயிற்சி. 1926இல் பாரிஸில் நடந்த சர்வதேசப் பெண்கள் மாநாட்டிலும் கலந்துகொண்டு ஊர் திரும்பியவரைத்தான் நியமனம் தேடி வந்தது.

‘இந்தியாவின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர்’ என்பது சரியா?

‘பிரிட்டிஷ் இந்தியாவில்’ என்று சேர்த்துச் சொன்னால் சரி. சமஸ்தானங்களையும் கணக்கில் எடுத்தால், திருவிதாங்கூரில் டாக்டர் மேரி புன்னன் லூக்கோஸ் 1920களின் முற்பாதியிலேயே சட்டசபைக்கு நியமிக்கப்பட்டுவிட்டார். அவரும் மருத்துவர்தான் என்பது சுவாரசியமான ஒற்றுமை.

கையோடு இன்னொன்று: ‘இந்தியாவின் முதல் பெண் மருத்துவர்’ என்று வாட்ஸாப்பில் ஒவ்வொரு ஜூலை மாதமும் சுற்றுவது தவறு. காதம்பினி கங்குலியும் ஆனந்திபாய் ஜோஷியும் மருத்துவப் பட்டம் வாங்கிய ஆண்டு 1886. முத்துலட்சுமி பிறந்ததே அந்த ஆண்டில்தான். இல்லாத பட்டங்களைச் சூட்டினால்தான் மதிப்பு வரும் என்ற நிலையில் அவர் இல்லை.

துணைத் தலைவர் பதவி வெறும் அலங்காரமா?

1927 ஜனவரியில் அவை அவரை ஒருமனதாகத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. தலைவர் சி.வி.எஸ். நரசிம்ம ராஜு. இன்றைய சபாநாயகர், துணை சபாநாயகர் போலத்தான். தலைவர் இல்லாதபோது அவையை நடத்துவது வேலை. நியமன உறுப்பினர், அதுவும் அவைக்குப் புதியவர், ஒரே பெண். அவரைத் தேர்ந்தெடுத்ததில் மரியாதையும் இருந்தது, ‘பாருங்கள், நாங்கள் எவ்வளவு முற்போக்கு’ என்று காட்டிக்கொள்ளும் ஆசையும் இருந்தது என்று நான் நினைக்கிறேன். அலங்காரமாக உட்கார வைத்தவர்களுக்கு அவர் வேலை வைத்துவிட்டார் என்பதுதான் விஷயம்.

அந்தப் பதவிக்கு அடுத்து வந்த பெண் ருக்மிணி லட்சுமிபதி. 1937இல் அமைந்த சட்டப்பேரவையின் துணை சபாநாயகர்.

எந்தக் கட்சியைச் சேர்ந்தவர்?

எந்தக் கட்சியும் இல்லை. 1926 தேர்தலில் சுயராஜ்யக் கட்சி 41 இடங்களோடு முதலில் வந்தும் பதவி ஏற்க மறுத்தது. நீதிக்கட்சிக்கு 21 இடங்கள். கடைசியில் சுயேச்சைகளை வைத்து டாக்டர் பி. சுப்பராயன் அமைச்சரவை அமைத்தார். ஆளுநர் கோஷனின் ஆதரவும் நியமன உறுப்பினர்களின் ஓட்டும் இல்லாமல் அந்த ஆட்சி நின்றிருக்காது. ஆகவே முத்துலட்சுமி போன்ற நியமன உறுப்பினர் அரசு பக்கம் கை தூக்குவார் என்பதே எல்லோரின் எதிர்பார்ப்பும்.

தொகுதியும் இல்லை, கட்சியும் இல்லை, ஓட்டுப் போட ஆள் திரட்ட கொறடாவும் இல்லை. அப்படிப்பட்ட உறுப்பினரின் கையில் இருப்பவை கேள்வி கேட்பது, தீர்மானம் கொண்டுவருவது, தனி உறுப்பினர் மசோதா தாக்கல் செய்வது, வரவு செலவுத் திட்டத்தின்மீது பேசுவது ஆகியவைதான். நான்கையும் அவர் முழுசாகப் பயன்படுத்தினார். ராஜினாமா செய்த 1930ஆம் ஆண்டிலேயே தன் சட்டசபை அனுபவங்களை ஒரு நூலாகவும் எழுதி வெளியிட்டுவிட்டார்.

தேவதாசி ஒழிப்புச் சட்டத்தை அவர்தான் நிறைவேற்றினாரா?

பள்ளிப் பாடத்தில் ‘ஆம்’ என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். நடந்தது மூன்று கட்டமாக, இருபது ஆண்டுகளில்.

முதல் கட்டம், 1927 நவம்பரில் ஒரு தீர்மானம். பெண் குழந்தைகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவதை, அதாவது கழுத்தில் பொட்டுக் கட்டிக் கோயில் சேவைக்கு நேர்ந்துவிடுவதை, தடுக்கச் சட்டம் வேண்டும் என்று அரசுக்குப் பரிந்துரைப்பது. தீர்மானம் நிறைவேறியது. தீர்மானத்துக்குச் சட்ட வலிமை கிடையாது. அவையின் மனநிலையைப் பதிவு செய்யும், அவ்வளவே.

இரண்டாம் கட்டத்தில்தான் அவருடைய சாமர்த்தியம் தெரிகிறது. பொட்டுக்கட்டுவதைக் குற்றமாக்கும் மசோதாவோடு நேரே மோதாமல், முதலில் நிலத்தில் கை வைத்தார். தேவதாசிகள் பலருக்கு இனாம் நிலங்கள், அதாவது சேவைக்காக மானியமாகக் கொடுக்கப்பட்ட நிலங்கள், உண்டு. நிபந்தனை, கோயில் சேவை. குடும்பத்தில் ஒருத்தி சேவையில் இருக்கும்வரைதான் நிலம் நிற்கும். மூத்தவளுக்கு வயதாகிவிட்டால் அடுத்து ஒரு பெண்ணுக்குப் பொட்டுக்கட்டியே ஆக வேண்டும். சொந்த மகள் இல்லையென்றால் ஒரு பெண் குழந்தையைத் தத்து எடுத்தாவது. பக்தி, மரபு என்று வெளியில் என்ன பெயர் சொன்னாலும், ஒரு சிறுமியின் கழுத்தில் பொட்டு ஏறுவதற்கு அந்த நிலமும் காரணமாக இருந்தது.

அப்போது புதிதாக வந்திருந்த இந்து சமய அறநிலையச் சட்டத்துக்கு ஒரு திருத்தமாக அவருடைய மசோதா 1928இல் வந்தது. 1929இல் ஐந்தாவது சட்டமாக நிறைவேறியது. சாரம் எளிமையானது: நிலம் அந்தப் பெண்களுக்கே, சேவை செய்ய வேண்டிய கட்டாயம் இனி இல்லை. யாரையும் சிறையில் தள்ளவில்லை, யாருடைய வீட்டையும் பறிக்கவில்லை. அடுத்த தலைமுறைக்குப் பொட்டுக்கட்டினால்தான் சோறு என்ற கணக்கை மட்டும் முறித்துப்போட்டது. சட்டம் எழுதுபவர்களுக்கு இன்றைக்கும் நல்ல பாடம் என்பேன்.

மூன்றாவது, பொட்டுக்கட்டுவதையே தடைசெய்யும் மசோதா. 1930இல் கொண்டுவந்தார். அது கருத்துக் கேட்பில் இருக்கும்போதே அவர் பதவியை விட்டு விலகிவிட்டார். மசோதா கிடப்பில் போனது. நாடு விடுதலை பெற்ற பிறகு, ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில் 1947இல்தான் சட்டமானது. பொட்டுக்கட்டுவது குற்றம், பொட்டுக்கட்டப்பட்ட பெண்ணின் திருமணம் செல்லும், கோயில் வளாகத்திலும் சுவாமி ஊர்வலத்திலும் பெண்கள் கும்ப ஆரத்தியோடும் (சுவாமிக்குக் குடவிளக்கு சுற்றும் சடங்கு) அது இல்லாமலும் ஆடுவது கூடாது என்றெல்லாம் அதில் இருந்தது.

அதற்குள் மற்றவர்கள் முந்திக்கொண்டார்கள். திருவிதாங்கூரில் மகாராணி சேது லட்சுமி பாயி 1930இலும், பம்பாய் மாகாணம் 1934இலும் தடை கொண்டுவந்துவிட்டன.

தேவதாசிகளே அவரை எதிர்த்தார்கள் என்கிறார்களே?

உண்மைதான். இதை மூடி மறைக்கத் தேவையில்லை.

1927இல் சென்னை மாகாண தேவதாசிகள் அமைப்பாகத் திரண்டு அரசுக்கு மனு கொடுத்தார்கள். பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்ற பெரிய கலைஞர்கள் அந்தப் பக்கம் நின்றார்கள். தங்களை விலைமாதர்களோடு ஒன்றாக வைத்துப் பேசுவது அவமானம், தங்கள் வாழ்வைப் பற்றிச் சட்டம் போடும்போது தங்களைக் கேட்க வேண்டாமா, கலையையும் சமயத்தையும் முறையாகக் கற்க வழி செய்துகொடுங்கள் என்பது அவர்கள் வாதம்.

அதில் கனமான ஒரு விஷயம் இருக்கிறது. தேவதாசி வீட்டில் சொத்து பெண்வழியில் போனது. மகள் வாரிசு, பெண் தத்தெடுக்கலாம். சாதாரண இந்துக் குடும்பத்துப் பெண்ணுக்கு 1956 வரை பிறந்த வீட்டுச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு என்ற பேச்சே இல்லை. ‘எங்களைக் குடும்பப் பெண் ஆக்குகிறேன் என்கிறீர்கள், குடும்பப் பெண்ணிடம் என்ன இருக்கிறது?’ என்ற கேள்வி அந்த மனுக்களின் அடியில் ஓடிக்கொண்டே இருந்தது.

மறுபக்கத்திலும் அதே சமூகத்தார் இருந்தார்கள். இசை வேளாளர் சங்கங்கள் மசோதாவை ஆதரித்தன. தானே அந்த வாழ்க்கைக்குள் தள்ளப்பட்டு அதிலிருந்து வெளியேறிய மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். பெரியாரும் சுயமரியாதை இயக்கமும் ஆதரவு. காந்தியும் தன் பத்திரிகையில் ஆதரித்து எழுதினார்.

என் கருத்தைக் கேட்டால், பத்து வயதுச் சிறுமிக்கு விருப்பம் கேட்காமல் நடக்கும் சடங்கைத் தடுத்ததில் அவர் பக்கம்தான் நியாயம். ஆனால் ஏற்கெனவே வளர்ந்து, பாடியும் ஆடியும் பிழைத்துக்கொண்டிருந்த பெண்களின் பிழைப்புக்கு அவரிடம் நல்ல பதில் இருந்ததாகத் தெரியவில்லை. 1932 டிசம்பரில், மாகாணத்தின் புதிய முதலமைச்சரான பொப்பிலி ராஜாவுக்கான வரவேற்பில் சதிர் கச்சேரி (தேவதாசிகள் ஆடிவந்த நடனம்) வைத்ததை அவர் கண்டித்து எழுத, வழக்கறிஞர் ஈ. கிருஷ்ணய்யர் பதிலுக்கு எழுத, பத்திரிகைகளில் பெரிய விவாதமே நடந்தது. கலை வேறு, பொட்டுக்கட்டு வேறு என்றார் கிருஷ்ணய்யர். பிறகு சதிர் ‘பரதநாட்டியம்’ ஆகி சபா மேடை ஏறியபோது, அதைக் காப்பாற்றி வைத்திருந்த வீட்டுப் பெண்களில் பெரும்பாலோருக்கு அந்த மேடையில் இடம் இல்லை. இதற்கு முத்துலட்சுமியை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. அவருக்குப் பங்கே இல்லை என்றும் சொல்ல முடியாது.

சத்தியமூர்த்தியை அவர் ‘உங்கள் வீட்டுப் பெண்களை அனுப்புங்கள்’ என்று கேட்டது உண்மையா?

காங்கிரஸ் தலைவர் எஸ். சத்தியமூர்த்தி தேவதாசி மரபைக் காக்க வேண்டும் என்று எதிர்த்து நின்றவர் என்பது உண்மை. அந்தச் சூடான பதிலோ மேடைக்கு மேடை, பேச்சாளருக்குப் பேச்சாளர் வாசகம் மாறி வருகிறது. அதனால் நான் மேற்கோளாகக் காட்டுவதில்லை. அது இல்லாமலே அவருடைய வாதம் நிற்கும்.

குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தில் அவர் பங்கு என்ன?

சாரதா சட்டம் என்று நாம் சொல்லும் 1929ஆம் ஆண்டுச் சட்டம் மத்திய சட்டசபையில் நிறைவேறியது. அதைக் கொண்டுவந்தவர் ஹர்பிலாஸ் சாரதா. பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்று வயது வைத்தார்கள். முத்துலட்சுமி அதற்கு முன்பே, 1928இல், சென்னை அவையில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். அவர் கேட்டது பெண்ணுக்கு 16, ஆணுக்கு 21. பிரசவ அறையில் சிறுமிகளைப் பார்த்த மருத்துவர் சொன்ன வயது அது. மத்திய சட்டசபை அந்த அளவுக்கு இறங்கி வரவில்லை.

வேறு என்னென்ன செய்தார்?

ஏழைப் பெண்குழந்தைகளுக்குப் பள்ளிக் கட்டண விலக்கு, பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் பரிசோதனை, குழந்தைகளுக்குத் தனி மருத்துவமனை, முஸ்லிம் மாணவிகளுக்கு விடுதி என்று பட்டியல் நீளும். 1930இல் நிறைவேறிய விபசாரத் தடுப்புச் சட்டத்துக்கும் அவையில் உறுதியாக நின்றார்.

சைமன் கமிஷனைக் காங்கிரஸ் புறக்கணித்தபோது இவர் அதன் குழுவில் சேர்ந்தாரா?

சேர்ந்தார். சைமன் கமிஷன், இந்திய அரசியல் சீர்திருத்தத்தை ஆராய பிரிட்டன் அனுப்பிய குழு. அதற்குத் துணையாகக் கல்வி நிலையை ஆராய அமைந்த ஹார்டாக் குழுவில் அவர் மட்டுமே பெண். ‘சைமனே திரும்பிப் போ’ என்று தெருவெல்லாம் கறுப்புக்கொடி பறந்த காலம். சொந்தத் தோழிகளே முகம் சுளித்தார்கள். பெண்கல்வியைப் பற்றி எழுதப்படும் அறிக்கையில் பெண்ணின் குரல் இல்லாமல் போகக் கூடாது என்பது அவர் நிலைப்பாடு. வேலைக்காகச் சேர்ந்தார், வேலையை முடித்தார். அறிக்கை 1929இல் வந்தது.

அப்படியானால் ஏன் ராஜினாமா செய்தார்?

உப்புச் சத்தியாக்கிரகத்தை ஒட்டி 1930 மே மாதம் காந்தி கைதானார். அதைக் கண்டித்து முத்துலட்சுமி உறுப்பினர் பதவியையும் துணைத் தலைவர் பதவியையும் துறந்தார். மூன்று ஆண்டுகளுக்கு முன் அவரை நியமித்த அதே அரசுக்கு எதிராக. பொட்டுக்கட்டுத் தடை மசோதா நடுவழியில் நிற்கிறது என்பது அவருக்குத் தெரியாததல்ல. ‘இன்னும் கொஞ்சநாள் இருந்து அதை முடித்திருக்கலாமே’ என்று இன்றைக்கு நாம் கேட்கலாம். அந்த மே மாதத்தில் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பது அவரால் முடியாத காரியமாக இருந்தது.

பிறகு தேர்தல் அரசியலுக்கு வந்தாரா?

வரவில்லை. அரசியலை விட்டுவிடவும் இல்லை. 1931இல் லாகூரில் கூடிய அகில இந்திய மாதர் மாநாட்டுக்குத் தலைமை ஏற்றார். 1933இல் ராஜகுமாரி அம்ரித் கௌர், ஷரீஃபா ஹமீத் அலி ஆகியோரோடு லண்டன் போய், இந்தியாவுக்கான புதிய அரசியல் சட்டத்தை ஆராய்ந்துகொண்டிருந்த நாடாளுமன்றக் கூட்டுக்குழு முன் சாட்சியம் சொன்னார். வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு வேண்டும், மதவாரியாகப் பெண்களைப் பிரித்து இடம் ஒதுக்க வேண்டாம் என்பது மாதர் அமைப்புகளின் கோரிக்கை. பிரிட்டன் கேட்கவில்லை. 1935ஆம் ஆண்டுச் சட்டத்தில் பெண்களுக்கான ஒதுக்கீடும் மதவாரியாகவே வந்தது. சென்னைச் சட்டப்பேரவையின் 215 இடங்களில் பெண்களுக்கு 8. இன்றைய மகளிர் இட ஒதுக்கீட்டு விவாதத்தில் உள்ஒதுக்கீடு பற்றிப் பேசும்போது, இந்தப் பழைய சண்டையை யாராவது ஒருவராவது நினைவுபடுத்தினால் நன்றாக இருக்கும்.

சென்னை மாநகராட்சியில் ஆல்டர்மேனாக (மக்கள் ஓட்டில் இல்லாமல் மன்றமே தேர்ந்தெடுக்கும் மூத்த உறுப்பினர்) இருந்தார். விடுதலைக்குப் பிறகு மாநில சமூகநல வாரியத்தின் தலைவரானார். 1956இல் பத்மபூஷண்.

ஔவை இல்லத்துக்கும் சட்டசபைக்கும் தொடர்பு உண்டா?

நேரடித் தொடர்பு. பொட்டுக்கட்டுக்குத் தப்பி வந்த பெண்கள் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். விடுதிகளில் கேட்டால், அந்தச் சமூகத்துப் பெண் என்றதும் இடமில்லை என்றார்கள். சட்டம் மட்டும் போட்டால் அந்தப் பெண்கள் எங்கே போவார்கள் என்ற கேள்வி அவருடைய சொந்தக் கூடத்தில் வந்து நின்றது. முதலில் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அதிலிருந்து வளர்ந்ததுதான் ஔவை இல்லம். புற்றுநோய் மருத்துவமனையின் கதை வேறு. அது 1923இல் புற்றுநோயால் இறந்த தங்கையிலிருந்து தொடங்குகிறது. 1952இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954இல் 12 படுக்கைகளோடு திறந்தது.

தமிழக அரசின் மகப்பேறு நிதித் திட்டம் அவர் தொடங்கியதா?

இல்லை, அவர் பெயரைத் தாங்கிய திட்டம். அவர் 1968 ஜூலை 22 அன்று மறைந்துவிட்டார். கர்ப்பிணிகளுக்கு ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாகச் சேர்த்து 18,000 ரூபாய் மதிப்பில் தவணைகளில் கொடுக்கும் திட்டம் அது. பதிவுக்கு உங்கள் பகுதி கிராம சுகாதார செவிலியரைப் பார்க்க வேண்டும். சீக்கிரமே பதிந்துகொள்வது நல்லது. 

ஜெமினி கணேசனுக்கு அவர் உறவா?

அத்தை. ஜெமினியின் தாத்தா நாராயணசாமி ஐயர்தான் முத்துலட்சுமியின் தந்தை, பாட்டி வேறு.